இ4-க்கு எதிராகக் கறுப்பில் என்ன ஆடுவது? சிசிலியன், இ5, ஃபிரெஞ்ச், காரோ-கான்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, சென்னையில் வார இறுதி ஓபன் போட்டி ஒன்றில் இரண்டாவது ரவுண்ட். எதிரே பத்து வயது இருக்கும் ஒரு பெண் குழந்தை. வெள்ளை அவளுக்கு. இ4 வைத்தாள், அதாவது ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினாள். ஆறு வருடமாக நான் ஆடிவரும் சிசிலியனைத்தான், அதாவது சி5-ஐத்தான், பதிலாக வைத்தேன். (கட்டங்களை நாம் வாயால் சொல்கிற மாதிரியே எழுதுகிறேன்: ஏ முதல் எச் வரை எழுத்து நெடுக்கு வரிசை, எண் குறுக்கு வரிசை.) அவள் உடனே டி4. சிப்பாயை வெட்டினேன். சி3 வைத்தாள், அதையும் வெட்டினேன், குதிரையால் திருப்பி எடுத்தாள். ஸ்மித்-மோரா கேம்பிட். ஒரு சிப்பாயைக் கொடுத்துவிட்டு, அந்த நேரத்தில் காய்களை எல்லாம் மடமடவென்று வெளியே கொண்டுவரும் ஆட்டம். பெயர் தெரியும், உட்கார்ந்து படித்ததில்லை. குதிரையை சி6-இல் வைத்தேன், டி6 தள்ளினேன், அவளுடைய இன்னொரு குதிரை எஃப்3-க்கும் பிஷப் சி4-க்கும் வந்தன. ஆறாவது நகர்வாக என் குதிரையை எஃப்6-க்கு எடுத்தேன். யாரும் யோசிக்காமல் வைக்கிற நகர்வு அது. அவள் இ5 தள்ளினாள். நான் குதிரையால் வெட்ட, அவள் குதிரையால் வெட்ட, நான் சிப்பாயால் வெட்ட, அவளுடைய பிஷப் எஃப்7-இல் இறங்கி செக். ராஜாவால் அதை எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை, எடுத்தால் டி8-இல் என் ராணிக்குக் காவல் இல்லை. பத்தாவது நகர்வில் ராணி போய்விட்டது.

அவள் கடிகாரத்தில் நான்கு நிமிடம்கூடக் குறைந்திருக்கவில்லை. ஆறாவது நகர்வில் நான் இ6 வைத்திருந்தால் போதும், ஒன்றும் ஆகியிருக்காது என்று வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தது. அன்றிரவு தூக்கம் வராமல் யோசித்ததுதான் இந்தக் கட்டுரை. இ4-க்கு எதிராக நான் உண்மையில் எதை ஆட வேண்டும்? சிசிலியனையே ஒழுங்காகப் படித்துத் தொடர்வதா, இல்லை வேறு ஒன்றுக்கு மாறுவதா?

முதலில் யாருக்காக எழுதுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். என் ரேட்டிங், அதாவது ஆட்ட பலத்தைக் காட்டும் எண், 1500-ஐச் சுற்றித்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, இரவு ஒன்பதரைக்கு மேல் முக்கால் மணி நேரம் செஸ்ஸுக்குக் கிடைக்கும், அதுவும் வாரத்தில் நான்கு நாள் என்றால் அதிகம். ஆக வாரத்துக்கு மூன்று மணி நேரம். இதே நிலையில் இருக்கிற, முப்பதைத் தாண்டி மறுபடி போட்டிகளுக்குப் போக ஆரம்பித்த ஆட்களுக்கு இந்த ஒப்பீடு உதவும். 2100 ரேட்டிங்கில் இருப்பவருக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

சென்னை என்பதும் இதில் முக்கியம். வேறு ஊரில் 1500 என்றால் 1500 பலம் என்று எடுத்துக்கொள்ளலாமோ என்னவோ, இங்கே பட்டியலில் 1450 என்று இருக்கும் குழந்தை தினமும் பயிற்சியாளரிடம் உட்கார்ந்து எழுந்து வருகிற குழந்தை. ரேட்டிங் ஏறுவதற்கு முன்பே பலம் ஏறிவிடுகிறது. முதல் பன்னிரண்டு நகர்வு அவர்களுக்கு வாய்ப்பாடு மாதிரி. 1961-இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆன மானுவேல் ஆரோன் காலத்திலிருந்து, டால் செஸ் கிளப்பில் சின்னப் பையனாக ஆனந்த் ஆடிய காலத்தைத் தாண்டி, இன்றைக்கு குகேஷ், பிரக்ஞானந்தா வரைக்கும் இந்த ஊர் சேர்த்துவைத்த பழக்கம் இது. எனக்கு அதில் பெருமைதான். ஆனால் மனப்பாடத்தில் அவர்களோடு போட்டி போட என்னால் முடியாது, அதை ஒப்புக்கொண்டுதான் ஓப்பனிங்கை, அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்வுகளை, தேர்ந்தெடுக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில், அயனாவரத்தில், ரயில்வேயிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் இருக்கிறார். அவரிடம் போய் "சார், எந்த ஓப்பனிங் நல்லது?" என்று கேட்டேன். "தம்பி, அதை அப்புறம் பார்ப்போம். உன் ஸ்கோர் ஷீட்டெல்லாம் எடுத்துட்டு வா. எந்த நகர்வுல முதல் தடவையா பத்து நிமிஷம் உக்காந்து யோசிச்சேன்னு குறி" என்றார். நல்லவேளையாக, நகர்வுக்குப் பக்கத்தில் மீதி நேரத்தை எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. குறித்துப் பார்த்தால், சிசிலியன் ஆடிய ஆட்டங்களில் அந்தப் பத்து நிமிட யோசனை பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது நகர்விலேயே வந்திருந்தது. அதாவது மூன்றாவது நகர்விலேயே எனக்குத் தெரியாத இடத்துக்கு வந்துவிடுகிறேன்! எதிராளி நினைத்த இடத்துக்கு என்னைக் கூட்டிப்போகிறார், நான் அங்கே உட்கார்ந்து கடிகாரத்தைச் செலவழிக்கிறேன்.

அதே ஷீட்களில் இன்னொன்றும் தெரிந்தது. சிசிலியன் என்று நான் உழைத்துப் படித்ததெல்லாம் நைடார்ஃப். இரண்டாவது நகர்வில் குதிரை, மூன்றாவதில் டி4, அப்புறம் ஏ6 என்று போகும் அந்தத் திறந்த சிசிலியன் வந்த ஆட்டங்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். மீதி எல்லாம் வேறு. சி3 வைத்து அலாபின், டி4 வைத்து ஸ்மித்-மோரா, குதிரையை சி3-இல் வைத்து எஃப்4 தள்ளும் கிராண்ட் பிரீ, பிஷப்பை பி5-க்கு அனுப்பும் ரோசோலிமோ. இதில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது முழுக்க வெள்ளையின் கையில். நான் ஐந்தையும் படிக்க வேண்டும், அவர் ஒன்றைப் படித்தால் போதும்.

இது கீழ்மட்டத்து விஷயம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2013 நவம்பரில், இதே சென்னையில் அண்ணா சாலை ஹயாட் ரீஜன்சியில் நடந்த உலக சாம்பியன் போட்டியின் பத்தாவது ஆட்டத்தில், எப்படியாவது ஜெயித்தே தீர வேண்டிய ஆனந்த் கறுப்பில் சிசிலியனைத்தான் எடுத்தார். எதிராளி கார்ல்சன் மூன்றாவது நகர்விலேயே பிஷப்பை பி5-இல் வைத்து செக் சொல்லி, திறந்த சிசிலியனுக்குள் வராமலே ஒதுங்கிக்கொண்டார். ஆட்டம் 65 நகர்வுகளில் டிரா, பட்டம் கைமாறியது. 2018-இல் லண்டனில் நடந்த உலக சாம்பியன் போட்டியில் கருவானாவும் கார்ல்சனின் சிசிலியனுக்கு எதிராக முதலில் ரோசோலிமோவைத்தான் திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தார்.

அதனால் சிசிலியன் மோசமா? இல்லவே இல்லை. ஜெயிக்கத் துடிக்கும் கறுப்புக்கு அதைவிடக் கூர்மையான ஆயுதம் எனக்குத் தெரியவில்லை. இ4-க்கு சமச்சீராகப் பதில் சொல்லாமல், ஓரத்துச் சிப்பாயைக் கொடுத்து நடுச் சிப்பாயை வாங்கி, சி வரிசையில் யானையை வைத்து அழுத்தும் அந்த ஆட்டத்தில் ஒரு தனி இன்பம் இருக்கிறது. ஆனால் வாரத்துக்கு மூன்று மணி நேரம் அதற்குப் போதாது. கல்லூரி விடுமுறையில் இருக்கும் ஒருவர் என்னிடம் கேட்டால் சிசிலியன் என்றே சொல்வேன்.

அடுத்தது இ5. எல்லோரும் குழந்தையாக இருக்கும்போது ஆடியது, பெரும்பாலானவர்கள் விட்டுவிட்டு வந்தது. இதற்குத் திரும்பலாமா என்று ஒரு வாரம் தீவிரமாகவே யோசித்தேன், ஏனென்றால் இதில் காய்கள் போகும் இடம் இயல்பானது, எங்கே எதை வைப்பது என்று தடுமாற வேண்டியதில்லை. சிக்கல் வேறு இடத்தில். இத்தாலியன், ஸ்காட்ச், வியன்னா, கிங்ஸ் கேம்பிட், ரூய் லோபஸ் என்று வெள்ளைக்கு இங்கேயும் ஐந்தாறு கதவு. அதிலும் இத்தாலியனில் நான்காவது நகர்வாகக் குதிரையை ஜி5-க்கு அனுப்பி எஃப்7-ஐக் குறிவைக்கும் ஆட்டத்தை இங்கே எட்டு வயதுக் குழந்தைகள் எல்லோரும் ஆடுவார்கள். டி5 வைத்து, அவர்கள் சிப்பாயால் வெட்டியதும் குதிரையால் திருப்பி எடுத்தால் எஃப்7-இல் குதிரை பாய்ந்து ராஜாவை நடுத்தெருவுக்கு இழுத்துவிடும். அங்கே குதிரையை ஏ5-க்கு அனுப்புவதுதான் சரி, ஒரு சிப்பாய் போனாலும் பரவாயில்லை. இந்த மாதிரி விஷயங்களை எல்லாம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இ5 என்றதும் எல்லோர் ஆசையும் பெர்லின் (ரூய் லோபஸுக்குக் கறுப்பு வைக்கும் ஒரு தற்காப்பு) மேல் போகும், எனக்கும் போனது. 2000-இல் லண்டனில் நடந்த உலக சாம்பியன் போட்டியில் கிராம்னிக் இதை வைத்துத்தான் காஸ்பரோவின் வெள்ளையை முடக்கினார், அந்த மொத்தப் போட்டியிலும் காஸ்பரோவால் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்க முடியவில்லை. சென்னையில் 2013-இல் நான்காவது ஆட்டம். எட்டாவது நகர்விலேயே ராணிகள் காலி, கார்ல்சனின் ராஜா காஸ்லிங் செய்யும் (யானையோடு சேர்ந்து ஒரே நகர்வில் ராஜா ஓரம் ஒதுங்கும்) உரிமையை இழந்து டி8-இல் நிற்கிறது, பதினெட்டாவது நகர்வில் அவருடைய பிஷப் துணிந்து ஏ2-இல் இருந்த சிப்பாயை எடுத்தது, அது மாட்டிக்கொள்ளுமா தப்புமா என்று ஊரே பதறியது, கடைசியில் 64 நகர்வுகளில் ஆனந்த் போராடி டிரா செய்தார். அந்த நாட்களில் நான் ஒவ்வொரு ஆட்டத்தையும் மறுநாள் பேப்பரில் பார்த்து வீட்டுப் பலகையில் அடுக்கிப் பார்ப்பேன். இந்த ஆட்டத்தை மட்டும் எத்தனை தடவை அடுக்கினேன் என்று கணக்கில்லை. ஆனால் நமக்கு பெர்லின் வர வேண்டுமென்றால் எதிராளி மூன்றாவது நகர்வில் பிஷப்பை பி5-இல் வைக்க வேண்டும். நம் மட்டத்தில் பெரும்பாலும் சி4-இல் வைக்கிறார்கள். நாம் படித்த பெர்லின் அப்படியே புத்தகத்துக்குள் இருந்துவிடும்.

பெட்ரோஃப் கொஞ்சம் வேறு மாதிரி. இ5-க்குப் பிறகு இரண்டாவது நகர்விலேயே குதிரையை எஃப்6-இல் வைத்துவிடுவதால் இத்தாலியனும் ரூய் லோபஸும் வராது, வெள்ளையின் கதவுகள் பாதி மூடிவிடும். 2018-இல் கருவானா கார்ல்சனுக்கு எதிராக இதை வைத்து ஆறாவது ஆட்டத்தில் ஜெயிக்கும் நிலை வரைக்கும் போனார். இதில் முதலில் நினைவில் வைக்க வேண்டியது: இ5-இல் சிப்பாயை இழந்ததும் பதிலுக்கு உடனே இ4-ஐ வெட்டிவிடக் கூடாது, முதலில் டி6 வைத்துக் குதிரையைத் துரத்த வேண்டும். அவசரப்பட்டு வெட்டினால் ராணி இ2-க்கு வரும், குதிரையைப் பின்னால் எடுத்தால் அவருடைய குதிரை சி6-க்குப் போய், ராஜாவுக்குத் திறந்த செக், ராணி காலி. இரண்டாம் இடம் யாருக்கு என்று என்னைக் கேட்டால் பெட்ரோஃபுக்குத்தான் கொடுப்பேன். முதல் இடம் கொடுக்காததற்குக் காரணம், சிப்பாய்கள் சமச்சீராக நின்றுவிட்டால் என்ன திட்டம் போடுவது என்று எனக்குப் பிடிபடுவதே இல்லை. இது என் குறைதான், ஓப்பனிங்கின் குறை இல்லை.

இப்போது ஃபிரெஞ்ச். இதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் மனதளவில் இன்னமும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இ6, அப்புறம் டி5. 1834-இல் லண்டன் கிளப்புக்கும் பாரிஸ் கிளப்புக்கும் நடந்த கடிதவழி ஆட்டத்தில் பாரிஸ்காரர்கள் ஆடியதால் இந்தப் பெயர். வெள்ளை இ5 தள்ளினால் நடுவில் ஒரு சுவர் விழும், கறுப்பு அதன் அடிவாரத்தை சி5 வைத்து இடிக்கும், அப்புறம் எஃப்6 வைத்து உச்சியையும் இடிக்கும். திட்டம் இவ்வளவு தெளிவாக வேறு எந்த ஓப்பனிங்கிலும் இல்லை. மனப்பாடம் முடிந்துபோனாலும் என்ன செய்ய வேண்டும் என்று நமக்குத் தெரியும்.

குகேஷின் ரசிகர்கள் யாரும் 2024 நவம்பர் 25-ஐ மறந்திருக்க மாட்டார்கள். சிங்கப்பூரில் உலக சாம்பியன் போட்டியின் முதல் ஆட்டம், வெள்ளையில் குகேஷ் இ4 வைக்கிறார், அப்போதைய உலக சாம்பியன் டிங் லிரன் இ6 வைக்கிறார். 42 நகர்வுகளில் டிங் ஜெயித்துவிட்டார். அன்றைக்கு எங்கள் ஆபீஸில் செஸ் தெரியாதவர்கள்கூட என்னிடம் வந்து "என்னங்க ஆச்சு?" என்று கேட்டார்கள். ஐந்தாவது ஆட்டத்திலும் பதின்மூன்றாவது ஆட்டத்திலும் டிங் மறுபடி ஃபிரெஞ்சுக்கே வந்தார், இரண்டும் டிரா. ஆக மூன்று ஆட்டத்தில் இரண்டு புள்ளி, கறுப்பில், உலக சாம்பியன் மட்டத்தில். டிசம்பர் 12-ஆம் தேதி பதினான்காவது ஆட்டத்தில் குகேஷ் பட்டம் வென்றுவிட்டதால் நாமெல்லாம் அந்த வலியை மறந்துவிட்டோம். ஆனால் ஃபிரெஞ்ச் அங்கே தன் வேலையைச் செய்துவிட்டுத்தான் போனது.

பிறகு ஏன் இதைத் தேர்ந்தெடுக்கவில்லை? சி8-இல் இருக்கும் அந்த பிஷப். இ6 வைத்த நொடியிலேயே அதன் வாசலை நாமே அடைத்துவிடுகிறோம். நல்ல ஆட்டக்காரர்கள் அதை டி7, இ8 என்று சுற்றிக்கொண்டுபோய் எச்5-இல் நிறுத்துவார்கள், இல்லையென்றால் பி6 வைத்து ஏ6 வழியாக மாற்றிக்கொள்வார்கள். என் ஷீட்களில் ஃபிரெஞ்ச் ஆடிய பழைய ஆட்டங்களைப் பார்த்தால் முப்பதாவது நகர்விலும் அது பிறந்த இடத்திலேயே நிற்கிறது. அடுத்த சங்கடம், வெள்ளை இ5 தள்ளும்போது ராஜா பக்கம் அவருக்கு இடம் அதிகம். தாக்குதலை விரும்பும் குழந்தைகளுக்கு அது கொண்டாட்டம். எச்7-இல் பிஷப்பைப் பலி கொடுத்து, குதிரையை ஜி5-க்கும் ராணியை எச்5-க்கும் கொண்டுவரும் அந்தப் பழைய தாக்குதலை அவர்கள் தூக்கத்திலும் செய்வார்கள்.

ஃபிரெஞ்ச் ஆடுகிறவர்களுக்கு ஒரு விஷயம் மட்டும். இ5, சி5, சி3, குதிரை சி6, குதிரை எஃப்3, ராணி பி6 என்று போனதும் வெள்ளை பிஷப்பை டி3-இல் வைப்பார். டி4-இல் சிப்பாய்களை மாற்றிக்கொண்ட பிறகு, அந்த டி4 சிப்பாய் சும்மா கிடப்பது போலவே தெரியும். குதிரையால் வெட்டாதீர்கள். குதிரைகள் மாறி உங்கள் ராணி டி4-க்கு வந்ததும் பிஷப் பி5-இல் செக் சொல்லும், டி1-இல் இருக்கும் ராணி உங்கள் ராணியை எடுத்துக்கொள்ளும். முதலில் பிஷப்பை டி7-இல் வைத்து அந்த செக்கை அடைத்துவிட்டுத்தான் டி4 பக்கமே போக வேண்டும். நான் இதில் இரண்டு தடவை விழுந்திருக்கிறேன்.

ஸ்காண்டிநேவியன், பிர்க், அலெகைன் இவற்றையும் பார்த்தேன். ஸ்காண்டிநேவியனில் படிக்க வேண்டியது குறைவு. ஆனந்தே 1995-இல் நியூயார்க்கில் காஸ்பரோவுக்கு எதிராக உலக சாம்பியன் போட்டியில் ஒரு தடவை வைத்தார், தோற்றார். இரண்டாவது நகர்விலேயே ராணி வெளியே வந்து அடி வாங்கிக்கொண்டே ஓடுவது எனக்கு ஒத்துவரவில்லை. மற்ற இரண்டும் நடுக் கட்டங்களை மொத்தமாக எதிராளியிடம் கொடுத்துவிடுகின்றன, எனக்கு அவ்வளவு தைரியம் இல்லை.

இனி காரோ-கான். சி6 வைத்து, அடுத்து டி5. 1886-இல் ஹொரேஷியோ காரோ, மார்கஸ் கான் என்ற இருவர் இதை ஆராய்ந்து எழுதியதால் இந்தப் பெயர். ஃபிரெஞ்சில் செய்வதையே, அதாவது டி5 வைத்து இ4-ஐக் கேள்வி கேட்பதையே இதுவும் செய்கிறது. இ6-க்குப் பதில் சி6 வைப்பதால் பிஷப்புக்கு வாசல் திறந்தே இருக்கிறது. எனக்கு அந்த ஒரே காரணம் போதும். விலை, சி5 தள்ள வேண்டிய சிப்பாய் ஒரு கட்டம் நகர்ந்து நிற்கிறது, பிறகு அதை சி5-க்குத் தள்ளினால் ஒரு நகர்வு வீண்.

மறுபடி ஹயாட்டுக்கே போகிறேன். 2013 நவம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை, இரண்டாவது ஆட்டம். ஆனந்த் இ4 வைத்தார், கார்ல்சன் சி6 வைத்தார். பிஷப் எஃப்5-க்கு வெளியே வந்து, ஜி6, எச்7 என்று பின்வாங்கி, டி3-இல் வெள்ளை பிஷப்போடு மாறிப்போனது. இரண்டு பக்கமும் எதிரெதிர் திசையில் காஸ்லிங். பலகையைப் பார்த்தால் இப்போது வெடிக்கப்போகிறது என்றே தோன்றும். பதினேழாவது நகர்வில் கார்ல்சன் தன் ராணியை டி5-இல் நடுவில் நிறுத்தினார். ஆனந்த் தன் ராணியை ஜி4-க்கு எடுத்துச்சென்று தாக்குதலைத் தொடர்ந்திருக்கலாம், அவர் மாற்றிக்கொண்டார். 25 நகர்வுகளில் டிரா. பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு ஏமாற்றம்தான். ஆனால் இப்போது கறுப்பின் பக்கம் உட்கார்ந்து அதே ஆட்டத்தை அடுக்கினால், உள்ளூர் ரசிகர்கள் முன்னால் வெள்ளையில் ஆடும் ஆனந்தை, பெரிதாக எதுவும் இழக்காமல் ஒரு மதியத்தில் அடக்கிவிட்ட ஓப்பனிங் என்று தெரிகிறது. போட்வின்னிக் டாலுக்கு எதிரான 1960, 1961 உலக சாம்பியன் போட்டிகள் இரண்டிலும் இதைத்தான் கேடயமாகப் பிடித்தார். கார்போவும் இதை நம்பி ஆடியிருக்கிறார்.

"காரோ-கான் டிரா ஆட்டம்" என்று ஒரு பேச்சு உண்டு. நம் மட்டத்தில் அது உண்மையில்லை. நம் ஆட்டங்களில் யாராவது ஒருவர் நாற்பது நகர்வுக்குள் தவறு செய்துவிடுகிறோம். பெரியவர் சொன்னது: "அந்தத் தப்பு உன் பக்கம் பத்தாவது நகர்வுலயே வராம இருந்தா பாதி வேலை முடிஞ்சுது தம்பி."

இதில் பொறியே இல்லை என்று சொல்லமாட்டேன். குதிரையை டி7-இல் வைக்கும் வழியில், வெள்ளை ராணியை இ2-இல் வைத்ததைக் கவனிக்காமல் அடுத்த குதிரையை எஃப்6-க்கு எடுத்தால் டி6-இல் குதிரை வந்து மேட். இ7 சிப்பாயால் அதை வெட்ட முடியாது, ராணி அதைக் கட்டிப்போட்டிருக்கும். ஆறே நகர்வு. 1997-இல் டீப் புளூ என்ற கம்ப்யூட்டரிடம் காஸ்பரோவே இந்தக் குதிரை டி7 வழியில் எச்6-ஐத் தவறான நேரத்தில் வைத்து, இ6-இல் குதிரைப் பலி வாங்கி, 19 நகர்வுகளில் கை கொடுத்தார். அதனால் குதிரை டி7 வழி வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன்.

நான் எடுத்தது டார்டகோவர் வழி. டி5-இல் வெட்டிக்கொண்டு இ4-இல் வெள்ளைக் குதிரை வந்து நின்றதும், நான்காவது நகர்வாகக் குதிரையை எஃப்6-இல் வைத்து நேருக்கு நேர் மோதுவது. அவர் வெட்டினால் இ சிப்பாயால் திருப்பி எடுப்பது. எஃப் வரிசையில் இரட்டைச் சிப்பாய், பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். ஆனால் பிஷப் டி6, காஸ்லிங், யானை இ8, குதிரை டி7 வழியாக எஃப்8, எல்லாம் தானாக வந்துவிழும். எஃப்8-இல் நிற்கும் குதிரை எச்7-ஐக் காக்கும். வெள்ளை பிஷப்பையும் ராணியையும் சேர்த்து எச்7-ஐக் குறிவைத்தால் ஜி6 வைக்கலாம், இப்போது பெரிய ஆட்டக்காரர்கள் துணிந்து எச்5 தள்ளுகிறார்கள். ராஜாவைச் சுற்றிச் சிப்பாய்கள் நெருக்கமாக இருப்பதால் குழந்தைகளின் எச்7 பலி இங்கே அவ்வளவு எளிதாக நடக்காது. நினைவில் வைக்க வேண்டிய ஒரே பெரிய விஷயம், எல்லாக் காய்களையும் மாற்றிக்கொண்டு வெறும் சிப்பாய்களோடு கடைசிக் கட்டத்துக்குப் போகக் கூடாது. ராணி பக்கம் அவருக்கு நான்கு சிப்பாய், நமக்கு மூன்று, இந்தப் பக்கம் நம் இரட்டைச் சிப்பாயால், தடையில்லாமல் ஓடி ராணியாகும் ஒரு சிப்பாயை உருவாக்க முடியாது. காய்கள் இருக்கும்வரை நன்றாக இருக்கும், காய்கள் தீர்ந்தால் தோல்வி.

இன்னொரு லாபம். வெள்ளை இரண்டு குதிரைகளையும் முதலில் வெளியே எடுத்துவிட்டு வந்தாலும் இதே குதிரை எஃப்6 செல்லுபடியாகும். அந்த வரிசையில் பழக்க தோஷத்தில் பிஷப்பை எஃப்5-க்கு எடுத்தால், ஒரு குதிரை அதைத் துரத்தி, எச்4 தள்ளி, இன்னொரு குதிரை இ5-க்குப் பாய்ந்து, ராணியும் எச்5-க்கு வந்து வதைத்துவிடும். எஃப்3 வைத்துக் குழந்தைகள் ஆடும் ஃபேன்டசி வழிக்கு, இ4-இல் வெட்டிவிட்டு உடனே இ5. அதை டி சிப்பாயால் எடுத்தால் ராணி எச்4-இல் செக். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரே ஒரு இரவு போதுமாக இருந்தது. டி4-க்கு எதிராக நான் ஆடுவது ஸ்லாவ், அதிலும் சி6, டி5 சிப்பாய்கள்தான், ஒரே அமைப்பை இரண்டு தடவை படிக்க வேண்டியதில்லை. பனோவ் தாக்குதலில் மட்டும், சி4 வைத்து வெள்ளை டி4-இல் தனிச் சிப்பாயோடு ஆடும்போது, எனக்கு இன்னும் கை நடுங்குகிறது.

அக்கா பையனுக்கு ஒன்பது வயது, அவனும் போட்டிக்கு வருகிறான். நான் மாறியதைப் பார்த்துவிட்டு, "மாமா, நானும் காரோ-கான் ஆடட்டுமா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அவன் இ5-தான் ஆட வேண்டும். குதிரை ஜி5-இல் பாய்ந்து அடிவாங்க வேண்டும், கிங்ஸ் கேம்பிட்டில் ராஜா நடுவில் சிக்க வேண்டும், திறந்த வரிசைகளில் யானையும் பிஷப்பும் என்ன செய்யும் என்று கை வழியாகத் தெரிய வேண்டும். அவனுக்கு அதற்கு நேரம் இருக்கிறது. இந்த வயதில் சி6 வைத்து ஒதுங்கினால் அந்தப் பாடமெல்லாம் விட்டுப்போகும். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு இரண்டு விதமான பதில்.

மாறிய பிறகு ஒரு போட்டி முடிந்திருக்கிறது. இ4-க்கு எதிராகக் கறுப்பில் மூன்று ஆட்டம். ஒன்று ஜெயித்தேன், ஒன்று டிரா, ஒன்று தோற்றேன். தோற்றது டார்டகோவர் ஆட்டம், நானே ராணிகளையும் யானைகளையும் மாற்றிக்கொண்டுபோய், மேலே சொன்ன அந்தச் சிப்பாய்க் கணக்கில் மாட்டிக்கொண்டேன். ஆனால் ஷீட்டில் அந்தப் பத்து நிமிட யோசனை மூன்று ஆட்டத்திலும் பதினோராவது நகர்வுக்கு முன்னால் வரவில்லை.

மிச்சமிருப்பது வெள்ளை மூன்றாவது நகர்விலேயே இ5 தள்ளும் வழி. இங்கே பிஷப்பை எஃப்5-இல் வைப்பதா, சி5 தள்ளுவதா என்று இன்னும் முடிவாகவில்லை. பிஷப்பை வைத்தால், வெள்ளை எச்4 வைக்கும்போது யோசிக்காமல் இ6 வைத்துவிடக் கூடாது. ஜி4, எஃப்3, எச்5 என்று மூன்று சிப்பாய்கள் துரத்தி பிஷப்பைப் பிடித்துவிடும், அங்கே எச்5 அல்லது எச்6 வேண்டும். சி5 தள்ளினால் வெள்ளை அதை எடுத்துக்கொள்வார், இ6 வைத்து நிதானமாகத் திருப்பி வாங்க வேண்டும், போட்வின்னிக் 1961-இல் டாலிடம் சி5-ஐயும் முயன்றிருக்கிறார். வருகிற ஞாயிறு பெரியவர் வீட்டில் இரண்டையும் பலகையில் வைத்துப் பார்க்கப்போகிறோம். வெள்ளையில் அக்கா பையன் உட்காருகிறேன் என்றிருக்கிறான்.